மாமனாரின் கட்டைவிரலும் என் ரிமோட் வைத்தியமும்

என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஐம்பத்திரண்டு வயது வரை நான் அடக்கமாகத்தான் இருந்தேன். அடக்கத்துக்குக் காரணம் குணம் அல்ல, கையில் சரக்கு இல்லாததுதான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தபால் பிரிவு. வருகிற கடிதத்தில் முத்திரை குத்தி, எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவது வேலை. இருபத்தாறு வருடமாகக் குத்துகிறேன். வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் என் மனைவி சுத்தியலை என்னிடம் தரமாட்டாள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுவாள். அதையும் ஒரு தடவை நடுவில் விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எதையோ வேடிக்கை பார்த்தேன் என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு கோடை மதியம் யோகம் அடித்தது. அலுவலகத்தில் ஏசி ரிமோட் வேலை செய்யவில்லை. மேலாளர் அதை உதறிப் பார்த்தார், உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். கடிகாரம் நின்றதுதான் மிச்சம். எல்லோரும் கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்குத் தபால் குறைவு. சும்மா இருக்கமாட்டாமல் அதை வாங்கிப் பின்மூடியைத் திறந்தேன். பேட்டரி தொடுகிற சுருள் கம்பியில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருந்தது. பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன், போய்விட்டது. அப்படியும் உயிர் வரவில்லை. காலாவதியான என் அடையாள அட்டையை இடுக்கில் செருகி நெம்பினேன். ரிமோட் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு, அதன் அடியில் பச்சைத் தகடு, இரண்டுக்கும் நடுவே பல வருடத்து விரல் பிசுக்கு. வெள்ளைப் பலகை துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு மூடினேன். ஏசி 'பீப்' என்றது.

"பரவாயில்லையே, உங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்றார் மேலாளர்.

இருபத்தாறு வருடத்தில் அந்த அலுவலகம் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்குச் சாயங்காலம் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். திரும்பி நடந்து வரும்போதும் கால் தரையில் பாவவில்லை.

அதன்பிறகு என்னைப் பிடித்த பைத்தியத்தைச் சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் காது குடையும் பஞ்சுக்குச்சி, பழைய பல்துலக்கி, அழிரப்பர், அடையாள அட்டை, நகம் தேய்க்கிற சின்ன அரம் எல்லாம் சேர்த்தேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவி ஸ்பிரிட் பாட்டில் ஒன்று வாங்கி வந்து தந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்னால் நான் ரிமோட்டைக் கேட்டேன். நன்றாக வேலை செய்கிற ரிமோட்டைக்கூட விடவில்லை. "வெளியில பார்த்தா தெரியாதுங்க, உள்ளதான் எல்லாம் இருக்கும்" என்று டாக்டர் குரலில் சொல்லுவேன். செல்போன் கேமராவுக்கு நேராக ரிமோட்டின் நுனியைக் காட்டிப் பொத்தானை அழுத்தி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் ஊதாப் புள்ளியாக மினுக்குவதைக் காட்டினால் பெரியவர்கள்கூட வாயைப் பிளப்பார்கள். அதற்காகவே இரண்டு தடவை காட்டுவேன்.

உள்ளே என்னென்னவோ கிடைக்கும். பிஸ்கட் தூள், சர்க்கரை, செத்த எறும்பு, வெட்டிப் போட்ட நகம். மாடிவீட்டு ரிமோட்டுக்குள் ஒரு கம்மலின் திருகு கிடைத்தது. அந்த அம்மா நாலு வருடமாகத் தேடிய திருகாம், அதற்காக ஒரு வேலைக்காரியையே சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கிறாராம். எங்கள் கட்டடத்தில் என்னை 'ரிமோட் டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரார் ரிமோட் எதையும் நான் சிரத்தையாகச் சுத்தம் செய்தவன் இல்லை. திறப்பேன், ஒரு துடைப்பு துடைப்பேன், மூடுவேன். மீதி நேரம் பேச்சுத்தான். அந்தச் சோம்பேறித்தனம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்பது பின்னால் தெரிந்தது.

இனி என் மாமனார். முப்பத்துநாலு வருடம் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இருபது டன் இரும்பைக் கட்டைவிரலால் ஒரு பொத்தானைத் தொட்டுத் தூக்கி, கீழே நிற்பவன் தலைக்கு மேலே கொண்டுபோய், லாரியில் சத்தம் வராமல் இறக்குவாராம். 'சத்தம் வராமல்' என்பதுதான் அவருடைய பெருமை. என்னைப்போல வாயால் வாழ்ந்தவர் இல்லை. எனக்குப் பெண் கொடுத்தபோது என்னிடம் மொத்தம் ஆறு வார்த்தை பேசினார். அதில் இரண்டு 'ம்'.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. பேசாதவருக்குப் பேச்சு போனால் என்ன என்று நான் அசட்டுத்தனமாக நினைத்ததுண்டு. பேசாமல் இருப்பது வேறு, பேச முடியாமல் இருப்பது வேறு என்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் எங்களுக்காகத் திரும்பவே இல்லை. ஒரு நாள் நான் டிவி ரிமோட்டை அவர் கட்டிலிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனேன். அதற்காகத்தான் திரும்பினார்.

மிஞ்சியிருந்தது இடது கை. அதிலும் முழுசாகச் சொன்ன பேச்சைக் கேட்டது கட்டைவிரல் ஒன்றுதான். அந்த விரலால் அவர் எங்களோடு பேச ஆரம்பித்தார். டிவி சத்தம் மெல்ல மெல்ல ஏறினால் என் மனைவியைக் கூப்பிடுகிறார். சட்டென்று ஏறினால் கழிப்பறைக்குப் போக வேண்டும். சேனல் செய்திக்கு மாறினால் மாத்திரை நேரத்தை நாங்கள் மறந்துவிட்டோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் ரிமோட் சாதனைகளை விவரிக்கும்போது சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். முதலில் நான் சொல்வதைக் கேட்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் பேசினேன். "அப்பா உங்களைத்தாங்க நிறுத்தப் பார்க்கறார்" என்று மனைவி சொன்னபிறகுதான் விளங்கியது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த ரிமோட் அவருக்கு வாய். அதை நாங்கள் மூன்று பேரும் அறிவோம். ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த அறையிலிருந்து மகள் வருகிறாள் என்பதில் அவருக்கு எவ்வளவு தெம்பு இருந்தது என்பது முகத்தில் தெரியும். அந்தத் தெம்பில்தான் இடது கையால் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார். தானாகச் சாப்பிட்டார். சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போட்டுக்கொள்ள அரைமணி நேரம் எடுக்கும், எங்களைக் கிட்டே விடமாட்டார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் நாலு நாள் வைத்திருந்தார்கள். மனைவி கூடவே இருந்தாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். எனக்குத் தனிமை ஆகாது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. மாமா திரும்பி வருவதற்குள் அவருடைய ரிமோட்டை ஒரு முழு சர்வீஸ் செய்து வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அன்பினால்தான் தோன்றியது. நான் அன்பினால் செய்தவை எல்லாவற்றையும் ஒரு பட்டியல் போட்டால் வீட்டில் யாரும் என் அன்பை விரும்பமாட்டார்கள்.

பிளந்தேன். ரப்பர் விரிப்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். பச்சைத் தகட்டைக் கண்ணாடி மாதிரி துடைத்தேன். பிறகு விரிப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு. மற்ற வீட்டு ரிமோட்டுகளிலும் பார்த்திருக்கிறேன், யார் அதையெல்லாம் மெனக்கெடுவது என்று விட்டிருக்கிறேன். இது மாமாவுடையது. விட மனம் வரவில்லை. எத்தனை வருடத்து அழுக்கு இப்படிக் கெட்டியாக உறைந்திருக்கிறது பார் என்று நினைத்து, நகம் தேய்க்கிற அரத்தை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். லேசில் வரவில்லை. வராத அழுக்கென்றால் எனக்கு ரோஷம். அவர் அதிகம் அழுத்துகிற பொத்தான்களாகப் பார்த்து, சத்தம் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது, சேனல் மாற்றுவது என்று ஆறு பொட்டைச் சாம்பல் நிறம் தெரிகிற வரை தேய்த்தேன். அதற்குள் ஒரு முழு சினிமா ஓடி முடிந்திருந்தது. மூடி, அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்தமாகத்தான் அமுக்க வேண்டியிருந்தது, ஆனாலும் வேலை செய்தது. என் முதுகை நானே தட்டிக்கொள்ள முடியாததால் டீ போட்டுக் குடித்தேன்.

மாமா வந்தார். படுக்கையில் சாய்த்து, தலையணை வைத்து, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் போய்ப் பொத்தான்மேல் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். விரல்நுனி வெளுத்தது. திரையில் ஒன்றும் மாறவில்லை.

"குடுங்க மாமா" என்று வாங்கி நான் அழுத்தினேன். சத்தம் ஏறியது. திரும்பக் கொடுத்தேன். அவர் அழுத்தினார். ஏறவில்லை.

"ரிமோட் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த மூன்று சொல்லை நான் திரும்ப விழுங்க முடிந்தால் என் பென்ஷனில் பாதியைத் தருவேன்.

மனைவியும் வாங்கி அழுத்திப் பார்த்தாள். தினமும் மருந்துக்கடை இரும்புக் கதவைத் தூக்கி இறக்குகிற கை அவளுடையது. இரண்டாவது அமுக்கில் வேலை செய்தது. "முன்னை மாதிரி இல்லையே, கடினமா இருக்கே" என்றாள்.

"சர்வீஸ் பண்ணின ரிமோட் அப்படித்தான் டைட்டா இருக்கும். உள்ள எல்லாம் சுத்தமாயிடுச்சு இல்ல" என்று நான் விளக்கினேன். சுத்தத்துக்கும் இறுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கட்டடத்துக்கே டாக்டரல்லவா நான்.

மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில், "காய்ச்சல்ல விரலும் போயிடுச்சாங்க?" என்று கேட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் அனுபவஸ்தன் போலத் தலையை ஆட்டி, "இருக்கலாம். வயசாகுது இல்ல" என்றேன்.

வாரம் இரண்டு முறை வருகிற பிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னோம். அவள் அவருடைய கையைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குப் பிறகு பலவீனம் இருக்கும் என்றாள். மறுபடியும் ஒரு லேசான அடைப்பு வந்திருக்குமோ என்று டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மென்மையான பந்து ஒன்றைக் கொடுத்து, அதைப் பிடித்துப் பிடித்து விடச் சொன்னாள். இதையெல்லாம் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் பேசினோம். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நாமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

அவர் ரிமோட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் கரண்டியையும் எடுக்கவில்லை. மனைவி ஊட்டினாள், வாயைத் திறந்தார், அவ்வளவுதான். பந்தைத் தொடவே இல்லை. கூப்பிட வேண்டுமானால் அடியுங்கள் என்று ஒரு மணியை வாங்கிப் பக்கத்தில் வைத்தோம், அடிக்கவில்லை. ஒரு நாள் மனைவி கடையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிடாமலேயே படுக்கையை நனைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வேட்டியை மாற்றும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். இருபது டன் இரும்பைச் சத்தம் வராமல் இறக்கியவர் முகம் அது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் என் மூளையின் அழகு.

இப்படிப் பதினேழு நாள் போனது. பதினெட்டாம் நாள் அலுவலகத்தில் புது ஏசி மாட்டினார்கள். மாட்டிய மெக்கானிக் ஏணியை மடக்குவதற்குள் மேலாளர் புது ரிமோட்டின்மேல் டீயைக் கொட்டிவிட்டார். "நம்ம டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, நாலு பேர் சுற்றி நிற்க, அட்டையைச் செருகிப் பிளந்தேன். டீயைத் துடைத்தேன். ரப்பர் விரிப்பைத் திருப்பினேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் பளபளவென்று ஒரு கறுப்புப் பொட்டு.

"பாருங்க, கம்பெனியிலிருந்து வரும்போதே அழுக்கோட அனுப்பறான்" என்று சொல்லிக்கொண்டே அரத்தை எடுத்தேன். பாதி வாக்கியத்திலேயே என் குரல் எனக்கே ஒரு மாதிரி கேட்டது. பெட்டியைப் பிரித்து அரைமணி நேரம் ஆகாத ரிமோட்டில் அழுக்கு எப்படி வரும்?

மெக்கானிக் ஏணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "சார், சார், அதுல கை வைக்காதீங்க. அது அழுக்கில்ல, கார்பன். அதுதான் கீழ இருக்கிற தகட்டைத் தொட்டு வேலை செய்ய வைக்குது. அதைச் சுரண்டினா பட்டன் செத்துப்போயிடும்."

"உடனே செத்துடுமா?" என்றேன்.

"மிச்சம் மீதி ஒட்டியிருந்தா கொஞ்ச நாள் ஓடும். பலமா அமுக்கினா எடுக்கும். சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க அமுக்கினா எடுக்காது."

மேலாளர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. சுரண்டிவிட்டால் என்ன செய்வது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். சமையலறை அலுமினியத் தாளைப் பொட்டு அளவுக்கு வெட்டி அந்த இடத்தில் ஒட்டினால் போதும் என்றார். "யாராவது சுரண்டிட்டாங்களா சார்?" என்றார் சாதாரணமாக. "தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றேன். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பேருந்தில் வரும்போது என் மனம் என்ன செய்தது என்று சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். வருத்தப்பட்டது, ஆமாம், முதல் இரண்டு நிறுத்தம் வரை. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு யோசனை வந்தது. யாருக்கும் தெரியாமல் தாளை ஒட்டிவிடுவது. ரிமோட்டை மாமா கையில் கொடுப்பது. அவர் அழுத்துவார், சத்தம் ஏறும். பந்தால் விரல் தேறிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அவர் பந்தைத் தொடவே இல்லையே என்பது நாலாவது நிறுத்தத்தில் ஞாபகம் வந்தது. அப்படியானால் இயற்கையாகத் தேறிவிட்டது. என் குட்டு வெளிப்படாது. டாக்டர் பட்டமும் போகாது. இறங்குவதற்குள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை சரியான நிறுத்தத்தில் இறங்கினேன்.

வீட்டில் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பக்கத்துவீட்டு அக்காவை அனுப்பிவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். விரிப்பைத் திருப்பினால் என் கைவேலை ஆறும் என்னைப் பார்த்தன. நடுவில் மட்டும் ஊசிமுனை அளவுக்குக் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தாளை வெட்டி, பசை தொட்டு, ஒவ்வொன்றாக ஒட்டினேன். மூடினேன். மாமா அறை வாசலில் நின்று, டிவிக்கு நேராக நீட்டிச் சுண்டுவிரலால் தொட்டேன். ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் உடனே ஏறியது.

மாமாவின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தேன். "மாமா, ஒரு தடவை அமுக்கிப் பாருங்க" என்றேன்.

அவர் பார்க்கவில்லை.

"இப்ப உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். முகத்திலயே தெரியுது."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிமோட்டை அவர் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலை எடுத்துப் பொத்தான்மேல் நானே வைத்தேன். விரல் அங்கேயே கிடந்தது. கையை விட்டேன், விரல் சரிந்து போர்வையில் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. அவரால் முடியாமல் இல்லை. முடியாது என்று இந்த வீட்டின் நிபுணன் சொல்லிவிட்டதால் அவர் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். ரிமோட்டைச் சரி செய்துவிட்டேன், அவர் தொடாவிட்டால் அதனால் என்ன பயன்? தன் விரலைவிட என் பேச்சை நம்பியவர் அவர். என் பேச்சை நம்பிய ஒரே மனிதரும் அவர்தானோ என்னவோ.

வேறு வழி இல்லை. ரிமோட்டைப் பிளந்து, ரப்பர் விரிப்பை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"மாமா, இதைப் பாருங்க. இங்க கறுப்பா ஒண்ணு இருந்திருக்கணும். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப அழுக்குன்னு நெனச்சு நான் சுரண்டிட்டேன். இது போனா பட்டன் எடுக்காது. என்னை மாதிரி முரட்டுத்தனமா அமுக்கினாதான் எடுக்கும். உங்க விரலுக்கு ஒண்ணும் ஆகலை. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தது. கெடுத்தது நான்தான்."

அவர் தலையைத் திருப்பினார். விரிப்பைப் பார்த்தார். ஆறு வெள்ளித் துண்டுகளையும், சுற்றிலும் மிச்சமிருந்த கறுப்புப் பொட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படி யாரும் என்னை நிதானமாகப் பார்த்ததில்லை.

"தப்பு என்னோடது மாமா" என்றேன். அசடு வழிந்ததா கண்ணீர் வழிந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

இடது கை போர்வைக்கு மேலே வந்தது. ரிமோட்டை எடுக்கப் போகிறார் என்று நீட்டினேன். அவர் ரிமோட்டைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தார். கட்டைவிரலை என் உள்ளங்கையின் நடுவில் வைத்து அழுத்தினார். முதலில் லேசாக. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு முழுப் பலத்தோடு. எலும்புக்குள் ஏதோ நொறுங்குகிற மாதிரி இருந்தது. 'வலிக்குது மாமா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. பதினேழு நாளைக்கும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார்.

வாசல் கதவு திறந்தது. அக்கா போன் செய்து, நான் நேரங்கெட்ட நேரத்தில் வந்திருப்பதைச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மனைவி செருப்போடு உள்ளே ஓடி வந்தாள். கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"என்ன ஆச்சு அப்பாவுக்கு?" என்றாள்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்க இருக்க விரல் இன்னும் ஆழமாக இறங்கியது. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று, வாழ்க்கையில் ஒரு தடவை, யாரும் விளக்காமலேயே எனக்குப் புரிந்தது.

"ரிமோட்டைக் கெடுத்தது நான்தான். உங்க அப்பா விரல் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்தது" என்றேன்.

அவள் குனிந்து, என் உள்ளங்கையில் புதைந்து நுனி வெளுத்துப்போயிருந்த அந்தக் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இரண்டு வருடத்தில் அவள் சந்தோஷத்தில் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வலிக்குதாங்க?" என்று கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"ரொம்ப வலிக்குது" என்றேன். மாமா பிடியை விடவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.